சேட்டைக்காரப் பிள்ளையை ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது?

பிப்ரவரி பிறந்தால் போதும், அஞ்சாவது படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றால் சீக்கிரம் முடிவாகிவிடும். ஓர் இடத்தில் உட்காராத, வாரம் ஒரு பென்சில் டப்பாவைத் தொலைக்கிற, வாயால் கேட்டால் எல்லாம் சொல்லிவிட்டுப் பரீட்சையில் பாதியை எழுதாமல் வருகிற பிள்ளை என்றால், ஒரம்பரை முழுக்க ஆளுக்கொரு யோசனை சொல்லும். "நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல போட்டுடுங்க, ஒரே வருசத்துல வழிக்கு வந்துடுவான்" என்பார் பெரியப்பா. டியூசனை மாற்றச் சொல்வார் சித்தி. அப்பாரு திண்ணையில் உட்கார்ந்தபடியே, "அவங்கப்பனும் இப்படித்தான் திரிஞ்சான் அம்மிணி, இன்னிக்கு எட்டுத் தறி ஓட்டலையா?" என்று மருமகளிடம் கேட்டுப் பேச்சை முடித்துவிடுவார்.

பெருந்துறைப் பக்கம் பல வருடங்களாக டியூசன் எடுத்து வருகிறேன். இந்தப் பிள்ளைகளில் பலர் எப்படியோ என்னிடம் வந்து சேர்வார்கள். பெற்றோர் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: ஹாஸ்டலா, இருக்கிற பள்ளியோடு டியூசனா, ஊர் அரசுப் பள்ளியா, டாக்டரிடம் காட்டுவதா, இல்லை வளர்ந்தால் சரியாகும் என்று விடுவதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அதற்கு முன்னால், எதை வைத்து எடைபோடுவது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அங்கேதான் நம்மில் பெரும்பாலோர் சறுக்குகிறோம்.

துறுதுறுப்பு வேறு, கவனம் நிற்காதது வேறு

டாக்டர்கள் ஏ.டி.எச்.டி. (கவனக் குறைபாடு, மிகைத் துறுதுறுப்பு) என்று சொல்கிற குறைபாட்டில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, கை கால் சும்மா இருக்காமை, முந்திக்கொண்டு பேசுவது, வரிசையில் நிற்க முடியாமை. இன்னொன்று, சொன்னது மனதில் தங்காமை, ஆரம்பித்த வேலையை முடிக்காமை, பொருளைத் தொலைப்பது. சில பிள்ளைகளிடம் முதலாவது மட்டும் இருக்கும், சிலரிடம் இரண்டாவது மட்டும், பலரிடம் இரண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அடையாளங்கள் தெரிந்திருக்க வேண்டும், வீட்டில் மட்டும் என்றில்லாமல் பள்ளியிலும் தெரிய வேண்டும், ஆறு மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும். இவையெல்லாம் இருந்தால்தான் அந்தப் பெயரையே வைப்பார்கள்.

இது எங்கோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையுள்ள 770 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. அதில் 11.32 சதவீதப் பிள்ளைகளிடம் இந்தக் குறைபாடு இருப்பதாகக் கண்டார்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் நிரப்பிய கேள்வித்தாளை வைத்துப் போட்ட கணக்கு அது. ஒவ்வொரு பிள்ளையையும் டாக்டர் உட்கார்ந்து பார்த்தால் எண்ணிக்கை குறையலாம். உலக அளவிலான சராசரி ஐந்து சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேராவது இருப்பார்கள். அந்த ஆய்வில் வசதி குறைந்த குடும்பங்களில் இது 16.33 சதவீதம், நடுத்தரக் குடும்பங்களில் 6.84 சதவீதம் என்று வந்தது. தறிக்குடோனிலும் பனியன் கம்பெனியிலும் வேலை பார்க்கிற வீடுகளுக்குத்தான் இந்தக் கட்டுரை அதிகம் தேவைப்படும் என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பின்னால் படிப்பைக் கெடுப்பது இந்த இரண்டில் எது? கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் இரண்டாயிரம் பிள்ளைகளை ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை தாய்மாரும் ஆசிரியர்களும் கவனித்துச் சொன்னதைக் குறித்துவைத்தார்கள். அவர்களே 22, 23 வயதானபோது பள்ளிப் படிப்பை முடித்தார்களா என்று பார்த்தார்கள். 2011இல் வந்த முடிவு இது: சிறு வயதில் கவனம் நிற்காத பிரச்சினை அதிகம் இருந்தவர்களில் 29 சதவீதம் பேர்தான் பள்ளியை முடித்திருந்தார்கள். அது இல்லாதவர்களில் 89 சதவீதம் பேர் முடித்திருந்தார்கள். துறுதுறுப்பு அதிகம் இருந்தவர்களில் 40, குறைவாக இருந்தவர்களில் 77 சதவீதம். ஆனால் துறுதுறுப்பு உள்ள பிள்ளைகளில் பலருக்குக் கவனப் பிரச்சினையும் சேர்ந்தே இருக்குமல்லவா? அதைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது, துறுதுறுப்பால் மட்டும் வந்த பாதிப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் ஆறு பெரிய கணக்கெடுப்புகளைச் சேர்த்து 2007இல் பார்த்த இன்னோர் ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது. பள்ளியில் நுழையும்போது பிள்ளைக்குத் தெரிந்த கணக்குதான் பின்னாளைய மதிப்பெண்ணை அதிகம் முன்னறிவித்தது. அடுத்து வாசிப்பு, அதற்கடுத்துக் கவனம். அடங்காத்தனத்துக்கும் பின்னாளைய மதிப்பெண்ணுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை.

இது நம் வழக்கமான கணிப்புக்கு நேர் எதிர். நமக்கு எரிச்சல் மூட்டுவது துறுதுறுப்பு. வகுப்பில் புகார் வருவதும் ஒரம்பரை வீட்டில் மானம் போவதும் அதனால்தான். அதனால் பள்ளி தேடும்போது "இவனை உட்கார வைக்கிற பள்ளி எது" என்று தேடுகிறோம். மதிப்பெண்ணைத் தின்பதோ சத்தமே போடாத அந்த இன்னொன்று. சன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளையைப் பற்றி எந்த டீச்சரும் புகார் சொல்வதில்லை. எட்டாவதில் இயற்கணிதம் கடினமாகும்போதுதான் "என்னன்னே தெரியல, கணக்கு மட்டும் வரவே மாட்டேங்குது" என்று என்னிடம் கூட்டி வருவார்கள்.

அது எப்படித் தின்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். டீச்சர் ஒரே மூச்சில் மூன்று வேலை சொல்கிறார்: புத்தகத்தில் 42ஆம் பக்கம் எடு, மூன்றாவது கணக்கைப் போடு, முடித்ததும் கோடு போட்டு அடுத்ததை எழுது. இந்தப் பிள்ளைக்கு 42 மட்டும் மனதில் நிற்கும். மற்றவர்கள் கணக்குப் போடும்போது இவன் பக்கத்துப் பையனின் நோட்டை எட்டிப் பார்ப்பான், திட்டு வாங்குவான். ஒரு நாளில் இது பெரிய விஷயமில்லை. மூன்றாவதில் கடன் வாங்கிக் கழித்தல் நடந்த வாரம் முழுக்க இப்படிப் போயிருந்தால், நான்காவதில் வகுத்தல் ஏறாது. ஐந்தாவதில் பின்னம் தடுக்கும். கணக்கில் ஒன்றின் மேல்தான் இன்னொன்று ஏறும் என்பதால் அடி அங்கேதான் முதலில் விழுகிறது. சமூக அறிவியலில் ஒரு பாடம் போனால் அடுத்த பாடத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஆகவே நான் ஒவ்வொரு வழியிடமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்தப் பிள்ளைக்கு இன்று எது விட்டுப்போனது என்று அன்றைக்கே கவனிக்க அங்கே ஓர் ஆள் உண்டா?

ஹாஸ்டல்

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரப் பள்ளிகளின் பேர் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். மாநில ரேங்க் அறிவிப்பை 2017இல் அரசு நிறுத்தும்வரை, மே மாதப் பேப்பர்களின் முதல் பக்கம் அவர்களுடையதாகத்தான் இருந்தது. பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடும் வழக்கத்தை உடைக்கத்தான் 2017–18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். அந்த அளவுக்குப் பெரிய தொழில் அது. அதில் தகுதியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

கவனம் நிற்காத பிள்ளைக்கு வெளியிலிருந்து ஓர் ஒழுங்கு தேவை. எத்தனை மணிக்கு எழுவது, எப்போது எதைப் படிப்பது என்பதை அவன் தலைக்குள் ஓடும் கடிகாரம் சொல்லாது. ஹாஸ்டலில் மணி அடிக்கும், அட்டவணை சுவரில் இருக்கும், கையில் போன் கிடையாது. தினமும் சின்னத் தேர்வு வைப்பார்கள், மறுநாளே மதிப்பெண் வந்துவிடும். இவை எல்லாமே இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவுகிற விஷயங்கள். வீட்டில் அப்பா அம்மா இருவருமே ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு மேல்தான் கம்பெனியை விட்டு வருகிறார்கள் என்றால், இந்த ஒழுங்கின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

இடறுவது எங்கே என்றால், அந்த மணியும் அட்டவணையும் எல்லாருக்கும் பொதுவானவை. தேர்வில் பத்துக்கு மூன்று வாங்கியவனுக்குக் கிடைப்பது இன்னும் ஒரு மணி நேரப் படிப்பு, இல்லையென்றால் அதையே ஐந்து தடவை எழுதுவது. ஏன் மூன்று வந்தது, எந்தப் படியில் விட்டான் என்று பார்க்க வார்டனுக்கு நேரமிருக்காது. அவர் கையில் எண்பது பேர் இருக்கலாம். மாலை விளையாட்டு நேரம்தான் தண்டனையாக முதலில் பறிபோகும். இந்தப் பிள்ளைகளுக்குப் பறிக்கவே கூடாதது அதுதான். பள்ளி தொடங்குவதற்கு முன் தினமும் சுமார் அரை மணி நேரம் ஓடியாட வைத்துப் பன்னிரண்டு வாரம் கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கவனம் மேம்பட்டது. விடியற்காலையில் எழுப்பி இரவு பத்து வரை படிக்கவைக்கும் இடங்களில் தூக்கமும் குறையும். தூக்கம் குறைந்தால் எந்தப் பிள்ளைக்கும் கவனம் நிற்காது, இவனைக் கேட்கவே வேண்டாம்.

அடி விழுமா என்பதையும் பெற்றோர் கேட்க வேண்டும். கேட்பதில்லை. சிலர், "ரெண்டு போட்டாத்தான் சார் கேப்பான்" என்று அவர்களே அனுமதி கொடுத்துவிட்டு வருகிறார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மறந்துபோனதற்காக அடி வாங்கிய பிள்ளைக்கு மறதி போவதில்லை, பொய் சொல்லத்தான் வருகிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டிருக்கிறது. ஹாஸ்டலில் ஆறேழு வருடம் மணியடித்துப் படித்து, பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கி, கல்லூரி முதல் வருடத்தில் அரியர் மேல் அரியர் வைத்த பையன்கள். வெளியிலிருந்து தாங்கிய ஒழுங்கு போனதும், உள்ளே ஒன்றும் வளர்ந்திருக்கவில்லை. என் முடிவு: ஆறாவதில் வேண்டாம். பதினொன்றாவதில் பையனே விரும்பிக் கேட்டால் யோசிக்கலாம்.

இருக்கிற பள்ளி, கூடவே டியூசன்

டியூசன் எடுத்துப் பிழைக்கிற நானே இதைச் சொல்வது வினோதமாக இருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு வேன் ஏறி மாலை ஐந்துக்கு வந்து இறங்குகிற பிள்ளையை, ஐந்தரைக்கு இருபத்தைந்து பேர் உள்ள டியூசனில் மறுபடி உட்கார வைத்தால் பிரயோசனம் இல்லை. பள்ளியில் எப்படி விட்டானோ அப்படியே இங்கேயும் விடுவான். அன்றைக்குரிய கவனத்தை ஏற்கெனவே செலவழித்துவிட்டு வந்திருக்கிறான்.

பயன்படுவது வேறு மாதிரி டியூசன். ஒரே பிள்ளை, அல்லது இரண்டு பேர். முப்பது நிமிடம், நீட்டினால் நாற்பது. பள்ளிப் பாடத்தைத் திரும்ப நடத்தாமல், எங்கே ஓட்டை விழுந்தது என்று கண்டுபிடித்து அதை மட்டும் அடைப்பது. அஞ்சாவது பையனுக்கு மூன்றாவது கணக்குப் புத்தகத்தை எடுக்க வேண்டியிருக்கும். பெற்றோர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. தெருவில் பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் அக்கா ஒருவர் கிடைத்தால், பெரிய சென்டரைவிட அவர் நல்லது. பையன் வந்ததும் முதலில் சோறு, அப்புறம் ஒரு மணி நேரம் சைக்கிளோ கிரிக்கெட்டோ, அதன் பிறகு புத்தகம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இருக்கிற பள்ளி நல்லதா என்று எப்படித் தெரியும்? கட்டடத்தைப் பார்க்காமல் வகுப்பாசிரியரைப் பாருங்கள். ஒரு சின்ன அட்டையில் தினமும் மூன்று டிக் போடச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். கொடுத்த கணக்கில் முக்கால்வாசியை முடித்தான், வீட்டுப்பாடத்தை டைரியில் குறித்தான், கேட்டுவிட்டு எழுந்தான். இவ்வளவுதான் அட்டை. மாலையில் மூன்றில் இரண்டு டிக் இருந்தால் அரை மணி நேரம் கூடுதல் விளையாட்டு, அன்றைக்கே. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு அப்புறம் என்று தள்ளிப்போட்டால் வேலை செய்யாது. இந்தப் பிள்ளைகளுக்கு நாளைய பரிசு என்பது இல்லாத பரிசு. ஆரம்பத்தில் இலக்கைச் சுலபமாக வைத்து, பெரும்பாலான நாட்களில் ஜெயிக்க விட வேண்டும். வெளிநாடுகளில் வெகுகாலமாகப் பயன்பட்டு வரும், நன்றாகச் சோதித்துப் பார்த்த முறை இது. டீச்சருக்கு அரை நிமிட வேலை. "நாப்பது பேர்ல ஒருத்தனுக்கு மட்டும் எப்படிங்க" என்று மறுத்தால், அந்தப் பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஊர் அரசுப் பள்ளி

இந்த யோசனையைச் சொன்னால் பாதி வீடுகளில் எனக்கு மறுபடி காபி கிடைக்காது. "அவ்வளவு கஷ்டத்துலயா இருக்கறோம்?" என்று கேட்டுவிடுவார்கள். ஆனால் இந்தக் குறிப்பிட்ட பிள்ளைக்கு அங்கே சில வசதிகள் உண்டு.

நம் பக்கத்துக் கிராமங்களில் பல தொடக்கப் பள்ளிகளில் வகுப்புக்குப் பத்துப் பேர், பதினைந்து பேர்தான். டீச்சருக்குப் பிள்ளையின் பேரும் தெரியும், வீடும் தெரியும், அப்பா எந்தத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார் என்பதும் தெரியும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வயதை வைத்து மட்டும் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாட்டு, செயல்பாடு, தரையில் வட்டமாக உட்கார்வது என்று எழுந்து நடக்க இடமுள்ள வகுப்பு. அதற்கு முன்பிருந்த செயல்வழிக் கற்றலிலும் பிள்ளை எழுந்து போய்த் தன் அட்டையைத் தானே எடுத்துவர வேண்டும். துறுதுறுத்த பிள்ளைக்கு அது வரம். கால் ஆடினால் காது மூடிவிடும் என்று நினைக்கிறோம். இந்தப் பிள்ளைகள் மனக்கணக்கு போன்ற கடினமான வேலை செய்யும்போது அசைந்தால் இன்னும் நன்றாகச் செய்கிறார்கள் என்று புளோரிடாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சிக்கல், இதெல்லாம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாவதுக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனால் பெரிய வகுப்பு, பாடத்துக்கொரு டீச்சர். பல டீச்சர்களின் நேரத்தைச் செயலியில் விவரம் ஏற்றும் வேலை தின்றுவிடுகிறது. இரண்டே டீச்சர் உள்ள பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்றைக்கு எல்லா வகுப்பும் ஒரே அறையில். அந்த நாட்களில் கவனிப்பு என்று ஒன்றும் இருக்காது. ஆகவே அந்தக் குறிப்பிட்ட பள்ளிக்கு நேரில் போய் ஆறாவதில் எத்தனை பேர், கணக்கு டீச்சர் இருக்கிறாரா, காலியிடமா என்று கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

பணக் கணக்கும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது வந்துவிட்டது. கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டங்களும் ஆறாவது முதல் எங்கே படித்தார்கள் என்றுதான் பார்க்கின்றன. எட்டாவதில் மனம் மாறி வந்தால் இவை கிடைக்காது. ஹாஸ்டலுக்கு வருடா வருடம் கட்டுகிற பெரிய தொகை மிச்சமானால் அதில் தனி டியூசனும் வைக்கலாம், டாக்டரிடமும் காட்டலாம்.

டாக்டரிடம் காட்டுவது

இதை ஒரு தனி வழி என்று எண்ணுவதே சரியில்லை. எந்தப் பள்ளியில் போட்டாலும் இது கூடவே வரவேண்டியது. முதல் வேலை, கண்ணையும் காதையும் சோதிப்பது. கரும்பலகை தெரியாத பிள்ளைக்கும் கவனம் நிற்காது. ரத்தசோகை, குறட்டையோடு கெட்டுப்போன தூக்கம், இவையும் இதே மாதிரி தோற்றம் தரும். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று விரிவாகக் கேட்டுத்தான் சொல்வார்கள். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதினால் வேறு டாக்டரைப் பாருங்கள். அரசின் சிறார் நலத் திட்டத்தில் பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழு பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. அவர்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள், செலவில்லை.

எழுத்து, வாசிப்பு, கணக்கு இவற்றில் தனியாகக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்றும் கேட்டு வாங்குங்கள். கவனக் குறைபாடு உள்ளவர்களில் கணிசமான பேருக்கு அதுவும் சேர்ந்திருக்கும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுதுபவரோ வேண்டுமென்றால் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ்தான் பேசும். அதைப் பத்தாவது டிசம்பரில் தேடி ஓடுகிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

மாத்திரையைப் பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். இதற்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து, கடும் கட்டுப்பாடு உள்ள ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் உள்ளது. எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது, இரண்டு பிரதிச் சீட்டு வேண்டும். பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகலாம். மதியச் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வரும் என்பதால் காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும் நன்றாகச் சாப்பிட வைக்க வேண்டும், எடையையும் உயரத்தையும் பார்த்துவர வேண்டும். பிள்ளை மந்தமாகிவிட்டான் என்றால் அளவு கூடிவிட்டது, டாக்டரிடம் சொல்லிக் குறைக்கலாம்.

பலன்? 579 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1999இல் வந்தது. பதினான்கு மாதத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களின் அடையாளங்கள் தெளிவாகக் குறைந்திருந்தன. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. 2022இல் வந்த இன்னோர் ஆய்வு என்னை மாதிரி ஆட்களுக்குத்தான் எழுதியது போலிருக்கும். மாத்திரை போட்ட நாட்களில் பிள்ளைகள் அதிகக் கணக்குப் போட்டார்கள், வகுப்பில் ஒழுங்காக இருந்தார்கள். ஆனால் புதிதாக நடத்திய பாடத்தை மாத்திரை இல்லாத நாட்களைவிட அதிகமாகக் கற்றுக்கொள்ளவில்லை. அதாவது, விட்டுப்போன கழித்தலை மாத்திரை சொல்லித்தராது. மாத்திரையால் அமைதியான நேரத்தில் யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

வளர்ந்தால் சரியாகுமா?

அப்பாரு சொன்னதில் பாதி உண்மை. இந்தப் பிள்ளைகளின் மூளையில் முன்பகுதி முதிர்வது சராசரியாக மூன்று வருடம் பின்தங்குகிறது என்று 2007இல் ஸ்கேன் படங்களை வைத்துக் காட்டினார்கள். பத்து வயதுப் பையன் சில விஷயங்களில் ஏழு வயதுப் பையன் மாதிரி இருப்பது அதனால்தான். வயதாக ஆகத் துறுதுறுப்பு தணிந்துவிடும். கவனம் நிற்காத பிரச்சினை அவ்வளவு சுலபமாகப் போகாது, அதற்குள் மூன்று வருடப் பாடமும் போயிருக்கும். எட்டுத் தறி ஓட்டும் மகனைப் பற்றிச் சொல்லும் அப்பாரு, அந்த மகன் பத்தாவது தாண்டவில்லை என்பதைச் சொல்வதில்லை. அன்றைக்குப் பத்தாவது இல்லாமலும் தறி போட முடிந்தது.

ஒரே ஓர் இடத்தில் காத்திருப்பதை நான் ஆதரிப்பேன். நம் மாநிலத்தில் ஜூலை 31ஐ வைத்து வயது பார்க்கிறார்கள். ஜூன், ஜூலையில் பிறந்து வகுப்பிலேயே சின்னப் பிள்ளையாக இருப்பவனை, ஏறக்குறைய ஒரு வயது மூத்தவர்களோடு ஒப்பிட்டுத்தான் சேட்டை என்கிறோம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், வகுப்பில் இளையவர்களான டிசம்பர் மாதப் பையன்களுக்கு, ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 சதவீதம் அதிகமாக ஏ.டி.எச்.டி. முத்திரை விழுந்திருந்தது. யு.கே.ஜி., ஒன்றாவதில் உள்ள அப்படிப்பட்ட பிள்ளை என்றால் பொறுங்கள். நான்காவது, ஐந்தாவது என்றால் பொறுக்க வேண்டாம்.

யாருக்கு எது

கையில் கொஞ்சம் நேரமும், அட்டைக்குச் சம்மதிக்கும் டீச்சரும் இருந்தால் பள்ளியை மாற்றாதீர்கள். தனி டியூசனும் டாக்டரும் போதும். வகுப்பில் ஐம்பது பேர், டீச்சரும் கைவிரிக்கிறார் என்றால், கணக்கு டீச்சர் இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளி நான் முதலில் போய்ப் பார்க்கிற இடம். பெற்றோர் இருவரும் இரவு வரை வேலை என்றால் அமத்தாவோ அத்தையோ மாலையில் வீட்டில் இருக்கிற ஏற்பாடு, தொலைதூர ஹாஸ்டலைவிட மேல். அது அறவே முடியாது என்றால், வாரம் ஒரு முறை போய்ப் பார்க்கிற தூரத்தில், விளையாட்டை வெட்டாத, வார்டன் உங்களோடு போனில் பேசுகிற ஹாஸ்டல். மாத்திரை உண்டென்றால் அதை யார் எடுத்துக் கொடுப்பார் என்று பேர் சொல்லிக் கேளுங்கள்.

ஏற்கெனவே ஹாஸ்டலில் சேர்த்தாகிவிட்டது என்பவர்கள், காலாண்டு விடுமுறைக்குப் பிள்ளை வரும்போது ரேங்க் கார்டை விட்டுவிட்டு நோட்டுகளைப் புரட்டுங்கள். பாதியில் நின்ற கணக்குகளும் எழுதாத பக்கங்களும் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். அரையாண்டிலும் அப்படியே இருந்தால் டி.சி. வாங்கத் தயங்க வேண்டாம். கட்டிய பணம் திரும்பி வருவது சந்தேகம்தான். ஆனால் எட்டாவது வரை வருட நடுவில் வருகிறான் என்று சொல்லி அரசுப் பள்ளி மறுக்க முடியாது. பழைய பள்ளி டி.சி.யை இழுத்தடித்தாலும் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை நிறுத்தக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவிலேயே இருக்கிறது.